உயிரோடு இருப்பவர் பேரில் ஒரு கணக்கு

கர்ட்டன் தைக்கிறவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் கர்ட்டன் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். ஸ்டேஷனரி கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் முன்னறை முழுக்கத் துணிச் சுருள்கள் நிற்கும். வருகிறவர்கள் உட்கார நாற்காலி தேடினால் ஒன்று கிடைக்கும். ஆனால் அது மாமனாருடையது. ஜன்னலோரம், போன் வைத்த குட்டி மேசைக்குப் பக்கத்தில் அது இருக்கும். அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். உட்கார்ந்தவர் தானே எழுந்துவிடுவார்.

மாமனார் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். வேலைக் காலம் முழுவதும் அவர் வாயிலிருந்து வந்தது மாடி எண்கள் மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு வசனம் கிடைத்தது. அதைக் கொடுத்தது கடன்காரர்கள்.

அந்தக் கதை இப்படி. கர்ட்டன் ஓரத்தில் பூ போட்டுக் கொடுத்தால் கூட்டம் அலைமோதும் என்று யாரோ சொல்ல, அவள் ஒரு நிறுவனத்தில் தவணைக்குக் கடன் வாங்கி, தானாகப் பூவேலை செய்யும் மெஷின் ஒன்றை இறக்கினாள். இறக்கிய வருடமே ஊருக்குப் பூ பிடிக்காமல் போயிற்று. எல்லோரும் சாம்பல் நிறத்தில் வெறும் துணியாகக் கேட்டார்கள். தவணை தவறியது. போன் வர ஆரம்பித்தது. அவள் தையலில் இருப்பாள், கணவன் டெலிவரி வேனில் இருப்பான். போன் பக்கத்தில் இருந்தது மாமனார்.

முதலில் சாதாரணமாகத்தான் தொடங்கினார். "அப்படி யாரும் இங்க இல்லீங்க." பிறகு கொஞ்சம் கைவந்தது. மருமகள் வெளிநாடு போய்விட்டாள். மருமகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பேச்சு வரவில்லை. மருமகளுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, அவளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு. பின்னால் உட்கார்ந்து கர்ட்டனுக்கு வளையம் அடித்துக்கொண்டிருக்கும் அவள் சிரிப்பை அடக்கத் துணியை வாயில் திணித்துக்கொள்வாள். அந்தக் காலத்தில் வீட்டில் சிரிப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

கடைசியில் ஒருநாள், சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல், அவளைக் கொன்றேவிட்டார். "ஐயோ, என்னத்த சொல்லுவேன்! போயிட்டாளே! தங்கமான பொண்ணு, மெஷின்ல உக்காந்தபடியே போயிட்டாளே!" குரல் உடைந்தது. மூக்கு உறிஞ்சினார். எதிர்முனை மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டது.

"மாமா, இது கொஞ்சம் ஓவர்" என்றாள்.

"வேலை நடந்துச்சா இல்லையா?"

கொஞ்ச நாளில் போன்கள் நின்றுபோயின. அழுகைதான் கடன்காரனை விரட்டியது என்பது மாமனாரின் தீர்மானம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் மறுத்ததே இல்லை. பூவேலை மெஷின் அறையிலிருந்து காணாமல் போனபோது, "இடத்தை அடைக்குது மாமா, வேணும்னவங்களுக்குக் குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகும் எப்போது போன் அடித்தாலும் மாமனார் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டுதான் எடுப்பார். பழக்கம்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி அது. வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் சுற்றி இழுக்கிற திரைகள் வேண்டும். மேலே காற்றுப் போக வலை, கீழே பறக்காமல் இருக்கக் கனமான மடிப்பு. அவள் மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொண்டுபோனாள். மேனேஜர் அதைக் கம்பியில் மாட்டி, இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் இழுத்தார், திடீரென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். எங்கும் சிக்கவில்லை.

"நல்லா இருக்கும்மா. எல்லா வார்டும் உங்களுக்கே. அப்புறம் வருஷா வருஷம் பழுது பாக்கிற வேலையும் இருக்கும்" என்றார். "பேங்க் கணக்கு விவரம் குடுத்துட்டுப் போங்க."

"கையில குடுத்திடுங்க சார். அதான் வழக்கம்."

"இங்க கையில குடுக்கிற வழக்கமே இல்ல. கணக்குலதான் போடுவோம்."

"வீட்டுக்காரர் கணக்கு இருக்கு..."

"யாரு தைக்கிறாங்களோ அவங்க பேர்ல இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க. இல்லேன்னா அடுத்து வரிசையில ஒரு கடை நிக்குது, அவங்களுக்குப் போயிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் வெளியே வந்து படியில் நின்றாள். வருடா வருடம் வேலை. அதாவது மழைக்காலத்தில் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க வேண்டாம். குறுக்கே நின்றது ஒரு பேங்க் கணக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அது அரைநாள் வேலை. அவளுக்கு அப்படி இல்லை. தவணை தவறிய நாளிலிருந்து அவள் பேங்க் இருக்கிற தெருவிலேயே நடப்பதில்லை. சந்தைக்குப் போவதானாலும் மீன் கடைச் சந்து வழியாக மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றித்தான் போவாள். பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி தன் முகத்தைப் பார்த்ததும் விசிலடிப்பார் என்று ஒரு எண்ணம்.

இரவு கணவனிடம் சொன்னாள்.

"போய்க் கேளேன். அடிக்கவா போறாங்க?"

"நீங்க வர்றீங்களா?"

"எனக்கு டெலிவரி இருக்கே" என்றான் அவன். டெலிவரி இல்லாத நாளிலும் அவனுக்கு டெலிவரி இருக்கும், இந்த மாதிரி வேலைக்கு மட்டும்.

"மாமாகிட்ட சொல்லாதீங்க. கிடைச்சா புத்தகத்தைக் காட்டலாம். கிடைக்காட்டி அவர் கிண்டல் தாங்க முடியாது."

அந்த ஒரு வார்த்தைதான் பிறகு எல்லாவற்றையும் இழுத்து வந்தது.

மறுநாள் நல்ல புடவையாக ஒன்று கட்டிக்கொண்டு போனாள். பேங்க் முதல் மாடியில் இருந்தது. காவலாளி விசிலடிக்கவில்லை. "எந்த வேலைம்மா? கணக்கா? அந்த மேசை" என்று கையைக் காட்டினார். மேசையில் இருந்தது சின்னப் பெண். கண்ணாடி போட்டு, பேனாவைக் காதில் செருகியிருந்தாள்.

உட்கார்ந்ததுமே கர்ட்டன் அக்கா ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். "மேடம், முதல்லயே சொல்லிடறேன். நான் தவணை தவறினவ. என் பேரு கெட்டுப்போன பேரு. அப்புறம் நீங்க கண்டுபிடிச்சுத் திட்டறதுக்கு நானே சொல்லிடறது நல்லது."

அதிகாரிப் பெண் பேனாவைக் காதிலிருந்து எடுத்தாள். "கடன் கேட்டு வந்திருக்கீங்களா?"

"ஐயோ, இல்ல!"

"அப்புறம் எதுக்கு இந்தக் கதையெல்லாம்? பேங்க் உங்களுக்குக் குடுத்தாத்தானே பேங்க் பயப்படணும். நீங்க போடுங்க, நீங்க எடுங்க. அதுக்கு அடிப்படைக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. செக் புத்தகம் கிடையாது, கடன் கிடையாது, இருக்கிறதுக்கு மேல எடுக்க முடியாது. ஒரு கார்டு, ஒரு பாஸ்புக். அவ்வளவுதான்."

"பழைய விஷயம் தடுக்காதா?"

"இதுக்குத் தடுக்காதும்மா. ஆள் நீங்கதான்னும், வீடு அங்கதான்னும் தெரிஞ்சா போதும்."

இத்தனை வருடம் மீன் கடைச் சந்தில் மூக்கைப் பொத்திய நேரமெல்லாம் அவளுக்கு ஒருமுறை ஞாபகம் வந்து போயிற்று. அடையாள அட்டையையும், வாடகை ரசீதையும் கொடுத்தாள். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் இருக்கிற யாராவது ஒருவரின் பேரும் போன் எண்ணும் கேட்டார்கள். மாமனார் பேரையும், ஜன்னலோர மேசைப் போனின் எண்ணையும் கொடுத்தாள்.

"சும்மா ஒரு தடவை கூப்பிட்டுக் கேப்போம். நாளைக்கு மறுநாள் வாங்க, கணக்கு எண் கையில இருக்கும்."

வரும்போது பேங்க் தெரு வழியாகவே நடந்து வந்தாள். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனாள். வீட்டில் போனை எடுப்பது யார் என்பதை.

சொன்ன நாளில் போனாள். அதிகாரிப் பெண் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பேனா மேசையில் உருண்டது.

"நீங்க யாரு?"

"நான்தான் மேடம். கர்ட்டன் தைக்கிறவ. அன்னைக்கு வந்தேனே."

"அவங்க இறந்துட்டாங்க" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

கர்ட்டன் அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாமே புரிந்தது.

"மேடம்... போன்ல ஒரு பெரியவர் அழுதாரா?"

"தங்கமான பொண்ணு, மெஷின்ல உக்காந்தபடியே போயிட்டாளேன்னு அழுதாரு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்து மேசைக்காரங்க தண்ணி குடுத்தாங்க."

"அது என் மாமனார். நான் சாகல மேடம். அவர் அப்பப்ப அப்படிச் சொல்லுவார்."

இதைச் சொல்லும்போதே இது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து கிளை மேலாளர் வந்தார். விண்ணப்பதாரர் காலமானார் என்று பதிந்தாகிவிட்டது, இப்போது அதே பேரில் ஒருவர் வந்து நிற்கிறார், இறந்தவர்கள் பேரில் கணக்குத் தொடங்குகிற மோசடி எத்தனை நடக்கிறது தெரியுமா என்றார்.

"நான் உங்க முன்னாடிதானே சார் நிக்கிறேன். கிள்ளிப் பாருங்க."

"கிள்ளினா வலிக்கும். ஆனா அது சான்று ஆகாதும்மா. செத்துட்டாங்கன்னு யார் சொன்னாங்களோ அவரே தன் அடையாள அட்டையோட நேர்ல வந்து, இல்லைன்னு எழுதிக் குடுக்கணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, நல்ல உற்சாகத்தில் இருந்தார். "வாம்மா. முந்தாநாள் ஒரு போன் வந்துச்சு, சொல்ல மறந்துட்டேன். பேங்க்காம். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் மோப்பம் பிடிச்சிருக்கானுங்க. விட்டேன் பாரு ஒரு அழுகை! அந்தப் பொண்ணே அழுதுடுச்சு."

அவள் துணிச் சுருளின் மேல் உட்கார்ந்தாள். முழுதும் சொன்னாள். ஆஸ்பத்திரி, திரை, வெள்ளிக்கிழமை, கணக்கு. அவர் கால் மெல்லக் கீழே இறங்கியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். கிண்டல் பண்ணுவீங்கன்னு சொல்லல."

"நான் என்னைக்கு உன்னைக் கிண்டல் பண்ணேன்?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "சரி, சில சமயம்" என்றார். பிறகு, "நான் அங்கெல்லாம் வரமாட்டேன்மா. பொய் சொன்னவன்னு நிக்க வெச்சுக் கேப்பாங்க. இந்த வயசுல எனக்கு அது தேவையா?"

"நீங்க வரலேன்னா எனக்கு வேலை போச்சு மாமா. அவ்வளவுதான். மிரட்டலுக்குச் சொல்லல."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் மெஷினில் உட்கார்ந்து, யாருக்காக என்று தெரியாமலே ஒரு வார்டுத் திரைக்கு ஓரம் அடித்தாள். அடித்துப் பிரித்தாள்.

காலையில் அவள் எழுந்தபோது லிஃப்ட் காலத்து வெள்ளைச் சட்டை தேய்த்து மாட்டியிருந்தது. மாமனார் தலை வாரி, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி அலட்டாமல் நின்றுகொண்டிருந்தார். "போலாம். ஆனா பேசறது நீ."

பேங்க் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மாமனார் தன்னையறியாமல் பொத்தான்களின் பக்கம் போய் நின்றுகொண்டார். பின்னால் ஏறியவர்களிடம் "எந்த மாடி?" என்றார். நாலு பேர் சொல்ல, நாலையும் அழுத்தினார். முதல் மாடி வந்ததும் அவள் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

அவர் வணக்கம் சொன்ன குரலைக் கேட்டதுமே அதிகாரிப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. "நீங்கதானா சார் அது? அன்னைக்கு என்னை அழ வெச்சுட்டீங்களே!"

"உண்மையாவே அழுதியாம்மா?" என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. மருமகள் முழங்கையால் இடித்தாள். முகத்தை மறுபடி வாட்டமாக்கிக்கொண்டார்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

பேசுவது மருமகள் என்று பேச்சு. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "பழக்கம்மா. ஒரு காலத்துல கடன்காரன் விடாம போன் பண்ணுவான். இவ தைக்கவே முடியாது. நான்தான் குறுக்கே நின்னேன். கடைசியா அழுதேன் பாரு, அதோட ஓடிட்டான். அதுக்கப்புறம் ஒரு போன் கிடையாது. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கடனைக் கேட்டு யாரும் வரல."

அதிகாரிப் பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். "யாரும் வரமாட்டாங்க சார். கட்டி முடிச்சாச்சே. நேத்து இந்தக் குழப்பம் வந்ததால இவங்க பேர்ல என்னென்ன பதிவு இருக்குன்னு பார்த்தேன். தாமதமாத்தான் கட்டியிருக்காங்க, அந்தக் கறை இருக்கு. ஆனா பாக்கி ஒண்ணும் இல்ல."

மாமனார் திரும்பி மருமகளைப் பார்த்தார். அவள் மேசையில் கட்டியிருந்த பேனாவின் நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷினை வித்தியா?"

"ம்."

"இடத்தை அடைக்குதுன்னு சொன்னே."

"இடத்தையும்தான் அடைச்சுது மாமா."

"அது போதாதே. மீதி?"

"ராத்திரி தலையணை உறை தைச்சேனே. கடைக்காரருக்குன்னு."

"தூக்கம் வரலைன்னு சொன்னே."

"தூக்கமும் வரல."

வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். "அப்ப என் அழுகை?" என்றார் கடைசியில்.

"உங்க அழுகை இல்லேன்னா என்னால மெஷின்ல உக்காந்திருக்க முடிஞ்சிருக்காது மாமா. எந்திரிச்சு எந்திரிச்சு போன் எடுத்துட்டே இருந்திருப்பேன். அப்புறம் எங்க கட்டறது?"

இது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்துத் தேடினார். இரண்டும்தான். அதிகாரிப் பெண் காகிதத்தை நீட்டினாள்.

மாமனார் நிதானமாக எழுதினார். என் மருமகள் உயிரோடு இருக்கிறாள். நான் போனில் சொன்னது பொய். இத்துடன் போதும் என்றாள் அதிகாரிப் பெண். போதாது என்று அவர் இன்னொரு வரி சேர்த்தார்: கடனை அவளே கட்டினாள். கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதே எண்ணுக்கு மறுபடி கூப்பிட்டு உறுதி பண்ணணும், அது விதி. இப்ப வீட்டுக்குப் போங்க, நான் கூப்பிடறேன். இந்தத் தடவை அழாதீங்க சார்."

இருவரும் ஏறக்குறைய ஓடினார்கள். வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார, அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. போனையே பார்த்தார்கள். அடித்தது.

மாமனார் எடுத்தார். தொண்டையைச் செருமினார். "ஐ..." என்று தொடங்கியது வாய். அவள் நெஞ்சில் கை வைத்தாள். அவர் எச்சில் விழுங்கினார்.

"ஆமாம்மா. அவ வீடுதான். நான் மாமனார்." மருமகளைப் பார்த்தார். "இருக்கா. இங்கதான் இருக்கா. நல்லா இருக்கா. சந்தேகமா? இரு, கேளு."

ரிசீவரை மெஷின் பக்கம் நீட்டி, புருவத்தால் சைகை காட்டினார். அவள் கால் தானாகவே மிதியை அழுத்தியது. ஊசி தடதடவென்று ஓடியது. துணியில்லாமல், நூலில்லாமல், வெறுமனே. போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு அறை வரைக்கும் கேட்டது. பிறகு அந்தப் பெண் கணக்கு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தாள். மாமனார் ஒவ்வொரு எண்ணாக, மாடி வந்துவிட்டதை அறிவிக்கிற அதே குரலில், உரக்கத் திருப்பிச் சொன்னார். அவள் துணி குறிக்கும் சுண்ணக்கட்டியால் வெட்டு மேசையிலேயே எழுதிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி மேனேஜர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் அவள் போய் நின்றாள். "கடைசி நிமிஷத்துலயா வர்றது?" என்றார். "நடுவுல கொஞ்சம் செத்துப்போயிட்டேன் சார்" என்றாள். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்து, எண்ணை வாங்கிக்கொண்டார்.

இப்போது முன்னறையில் சுருள்கள் எல்லாம் ஆஸ்பத்திரிப் பச்சை. மாமனார் நாற்காலியைச் சுற்றியும் திரைகள் மடிந்து கிடக்கின்றன. போன வாரம் மதியம் போன் அடித்தது. ஏதோ ஒரு கம்பெனி. உங்கள் மருமகளுக்குச் சுலபத் தவணையில் கடன் தருகிறோம், அவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டது ஒரு இனிய குரல்.

மாமனார் திரும்பி அவளைப் பார்த்தார். கண்ணில் பழைய பளபளப்பு. அவள் ஊசியில் நூல் கோத்தபடியே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"இருக்கா" என்றார் அவர் போனில். "கடன் வேண்டாமாம்." வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொன்னா பொசுக்குன்னு முடிஞ்சிடுதும்மா" என்றார். "சுவாரசியமே இல்ல."